மணிப்பூ வளர்ப்பு

மணிப்பூ என்று இக்கட்டுரையில் குறிப்பிடப்படுவது காம்பனுலா என்னும் பேரினத்தைச் சேர்ந்த பூச்செடிகள் ஆகும். இப்பேரினம் காம்பனுலேசியே குடும்பத்தில் அடங்கும். இதில் 400-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இவை வட அரைக்கோளத்தின் மிதவெப்பப் பகுதிகளிலும் குளிர்ப் பகுதிகளிலும் இயற்கையாக வளர்கின்றன. நடுநிலக் கடலின் கரைகள் முதல் காக்கேசிய மலைகள் வரையுள்ள நிலப்பரப்பில் இனங்களின் எண்ணிக்கை மிக அதிகம். நீலம், ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு நிறங்களில் மணி வடிவப் பூக்களைத் தருவதால் ஐரோப்பிய, வட அமெரிக்க வீட்டுத் தோட்டங்களில் இவை நெடுங்காலமாக விரும்பி வளர்க்கப்படுகின்றன.

மணிப்பூக்கள் அனைத்திற்கும் பொதுவான ஒரே வளர்ப்பு முறை இல்லை. பாறை இடுக்கில் தோன்றிய இனம், புல்வெளியில் தோன்றிய இனம், காட்டு நிழலில் தோன்றிய இனம் ஆகிய ஒவ்வொன்றும் தன் பிறப்பிடத்தின் இயல்பைத் தோட்டத்திலும் காட்டுகிறது. ஓர் இனத்திற்கு ஏற்ற ஈரம் மற்றோர் இனத்தை அழுகச் செய்யும். ஓர் இனம் இரண்டாம் ஆண்டில் பூத்து மடியும். மற்றோர் இனம் பல ஆண்டுகள் நிலைக்கும். இன்னோர் இனம் தோட்டம் முழுவதும் பரவி, அகற்ற இயலாத களையாக மாறும். எனவே செடியை நடுவதற்கு முன் அதன் இனத்தை அறிந்துகொள்வதே மணிப்பூ வளர்ப்பின் முதற்படியாகும்.

பெயர்

இலத்தீன் மொழியில் காம்பனா என்பது மணியைக் குறிக்கும். காம்பனுலா என்றால் சிறிய மணி என்பது பொருள். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கரோலசு லின்னேயசு 1753-இல் வெளியிட்ட தமது நூலில் இப்பேரினத்திற்கு இப்பெயரைப் பயன்படுத்தினார். சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் அல்போன்சு டி கண்டோல் 1830-இல் இக்குடும்பத்தைப் பற்றித் தனிநூல் ஒன்றை வெளியிட்டார். தோட்டக்காரர்களுக்கான விரிவான நூலொன்றை கிளிஃபர்டு குரூக் 1951-இல் எழுதினார்.

மணி வடிவப் பூக்கள் எல்லாம் காம்பனுலா அல்ல. இங்கிலாந்தின் காடுகளில் வசந்த காலத்தில் நீலக் கம்பளம் போலப் பூக்கும் நீலமணி, குமிழ்த்தண்டிலிருந்து வளரும் வேறொரு குடும்பத்துத் தாவரம் ஆகும். ஆனால் இசுக்காட்லாந்தில் நீலமணி என்று அழைக்கப்படுவது வட்ட இலை மணிப்பூ என்னும் காம்பனுலா இனமே. கொரியாவில் வேருக்காகப் பயிரிடப்படும் பிளாட்டிகோடன், இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு பேரினம். விதை வாங்கும்போது இத்தகைய பெயர் மயக்கங்களைத் தவிர்க்க அறிவியற் பெயரைப் பார்ப்பது நல்லது.

தாவர இயல்பு

மணிப்பூக்களில் ஓராண்டு, ஈராண்டு, பல்லாண்டுத் தாவரங்கள் உண்டு. தோட்டத்தில் வளர்க்கப்படுபவை பெரும்பாலும் பல்லாண்டுச் செடிகள். சில இனங்கள் 10 சென்டிமீட்டர் உயரத்தைக் கூட எட்டாமல் தரையோடு படரும். வேறு சில இனங்கள் ஆள் உயரத்திற்கு வளரும். தண்டையோ இலையையோ ஒடித்தால் பால் வடியும். வேர்களில் மாச்சத்திற்குப் பதிலாக இன்யூலின் என்னும் மாவுப்பொருள் சேமிக்கப்படுகிறது.

பல இனங்களில் தரையை ஒட்டிய இலைகளும் தண்டில் உள்ள இலைகளும் வடிவத்தில் வேறுபடும். வட்ட இலை மணிப்பூ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இதன் அடியிலைகள் வட்டமானவை. தண்டிலைகள் புல்லைப் போல மெல்லியவை. பூக்கும் காலத்தில் அடியிலைகள் பெரும்பாலும் வாடிவிடுவதால், பூத்த செடியைக் காண்பவர் பெயருக்கும் செடிக்கும் தொடர்பில்லை என்று எண்ணக்கூடும்.

பூவில் ஐந்து அல்லி இதழ்கள் அடிப்பகுதியில் இணைந்து மணியாகின்றன. மணியின் விளிம்பில் ஐந்து மடல்கள் தெரியும். மகரந்தத்தாள்கள் ஐந்து. சூலகம் அல்லிகளுக்குக் கீழே அமைந்துள்ளது. கனி, உலர்ந்த பின் சிறு துளைகள் வழியே விதைகளை வெளியிடும். தலைகீழாகத் தொங்கும் கனிகளில் துளைகள் காம்பை ஒட்டிய பகுதியிலும், நிமிர்ந்த கனிகளில் நுனியை ஒட்டிய பகுதியிலும் அமைந்துள்ளன. ஆகவே இரு வகையிலும் துளைகள் மேற்புறமாகவே இருக்கின்றன. விதைகள் தாமாகக் கீழே கொட்டுவதில்லை. காற்றில் தண்டு அசையும்போது சிறிது சிறிதாகச் சிதறுகின்றன.

மகரந்தச் சேர்க்கை

மணிப்பூவின் மகரந்தச் சேர்க்கை தனிச்சிறப்பு உடையது. மொட்டு விரியும் முன்பே மகரந்தப்பைகள் வெடித்து, நடுவில் உள்ள சூல்தண்டின் மயிர்களின் மீது மகரந்தத்தூளைப் படியச் செய்கின்றன. பின்னர் மகரந்தத்தாள்கள் வாடிச் சுருங்குகின்றன. பூ விரிந்தபின் தேனீக்கள் சூல்தண்டிலிருந்தே தூளை எடுத்துச் செல்கின்றன. தூள் தீர்ந்த பிறகு சூல்முடியின் மடல்கள் விரிந்து, வேறு பூவிலிருந்து வரும் தூளை ஏற்கின்றன. இவ்வாறு ஒரே பூ முதலில் ஆண் நிலையிலும் பிறகு பெண் நிலையிலும் இருப்பதால் தன்மகரந்தச் சேர்க்கை குறைகிறது. சில இனங்களில் இறுதியாகச் சூல்முடி மடல்கள் பின்னோக்கிச் சுருண்டு, எஞ்சிய தூளைத் தொட்டுத் தன்மகரந்தச் சேர்க்கை செய்துகொள்வதும் உண்டு.

ஐரோப்பாவில் சில தனித்தேனீ இனங்கள் தம் குஞ்சுகளுக்கு மணிப்பூக்களின் மகரந்தத்தை மட்டுமே சேகரிக்கின்றன. இவற்றின் ஆண் தேனீக்கள் இரவிலும் மழை நேரத்திலும் மணிக்குள்ளே தங்குகின்றன. தோட்டத்தில் மணிப்பூக்களை வளர்ப்பது இத்தேனீக்களுக்கு உணவும் உறைவிடமும் அளிப்பதாகும். இரட்டை அடுக்கு இதழ் உடைய தோட்ட வகைகளில் மகரந்தம் குறைந்தோ இல்லாமலோ இருக்கக்கூடும் என்பதால், தேனீக்களுக்காக வளர்ப்போர் ஒற்றை அடுக்கு வகைகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தோட்டத்திற்கு ஏற்ற இனங்கள்

வளரும் இடத்தின் அடிப்படையில் தோட்ட மணிப்பூக்களைக் கீழ்வருமாறு பிரிக்கலாம்.

பாறைப் பகுதி இனங்கள்

* கார்ப்பாத்திய மணிப்பூ (காம்பனுலா கார்ப்பாத்திக்கா): நடு ஐரோப்பாவின் கார்ப்பாத்திய மலைகளைச் சேர்ந்தது. 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரம். அகன்ற கிண்ணம் போன்ற பூக்கள் மேல்நோக்கி விரியும். பரவும் இயல்பு இல்லாததால் சிறு தோட்டத்திற்கும் தொட்டிக்கும் ஏற்றது.
* தல்மேசிய மணிப்பூ (காம்பனுலா போர்ட்டென்சுலாகியானா): குரோவாசியாவின் தல்மேசியக் கடற்கரை மலைகளில் தோன்றியது. சுவர் இடுக்குகளில் நன்கு வளரும்.
* செர்பிய மணிப்பூ (காம்பனுலா பொசார்சுக்கியானா): தினாரிக் மலைகளைச் சேர்ந்தது. விண்மீன் வடிவப் பூக்கள் கொண்டது. முன்னதைவிட வேகமாகப் படரும். அருகில் மென்மையான சிறு செடிகள் இருந்தால் அவற்றை மூடிவிடும்.
* தொங்கு மணிப்பூ (காம்பனுலா ஐசோஃபில்லா): இத்தாலியின் லிகூரியக் கடற்கரையைச் சேர்ந்தது. கடும் உறைபனியைத் தாங்காது. குளிர்நாடுகளில் தொங்கு தொட்டிகளில், வீட்டிற்குள் வளர்க்கப்படுகிறது.

புல்வெளி இனங்கள்

* பீச்சிலை மணிப்பூ (காம்பனுலா பெர்சிசிஃபோலியா): ஐரோப்பாவில் பரவலாகக் காணப்படுவது. 60 முதல் 90 சென்டிமீட்டர் உயரம். இலைகள் பீச் மரத்தின் இலைகளைப் போல் நீண்டு குறுகியவை. புதியவர்கள் தொடங்குவதற்கு மிகவும் ஏற்ற இனம்.
* கொத்து மணிப்பூ (காம்பனுலா குளோமெராட்டா): தண்டின் நுனியில் கருநீலப் பூக்கள் கொத்தாக அமையும். நிலத்தடித் தண்டுகளால் பரவும்.
* வட்ட இலை மணிப்பூ (காம்பனுலா ரொட்டுண்டிஃபோலியா): வறண்ட, சத்துக் குறைந்த புல்வெளிகளில் வளர்வது. சுவீடனில் 2021-இல் நடந்த வாக்கெடுப்பில் நாட்டு மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.
* பால்நிற மணிப்பூ (காம்பனுலா லாக்டிஃபுளோரா): காக்கேசியப் பகுதி, துருக்கி ஆகிய இடங்களைச் சேர்ந்தது. ஒன்றரை மீட்டர் வரை வளரும்.

காட்டோர இனங்கள்

* அகல இலை மணிப்பூ (காம்பனுலா லாட்டிஃபோலியா), செந்தட்டி இலை மணிப்பூ (காம்பனுலா டிராக்கேலியம்): அரை நிழலையும் ஈரமான மண்ணையும் விரும்புபவை. தாமாக விதை சிதறிப் பெருகும்.
* புள்ளி மணிப்பூ (காம்பனுலா பங்க்டாட்டா): சப்பான், கொரியா முதலிய கிழக்காசியப் பகுதிகளைச் சேர்ந்தது. பெரிய மணிகளின் உட்புறம் செம்புள்ளிகள் இருக்கும். சப்பானிய மொழியில் இதன் பெயர் மின்மினிப் பை எனப் பொருள்படும். சிறுவர்கள் மின்மினிகளை இப்பூவில் இட்டு விளையாடியதால் இப்பெயர் வந்தது என்பர்.

ஈராண்டு இனம்

* காண்டர்பரி மணி (காம்பனுலா மீடியம்): தென் ஐரோப்பாவைச் சேர்ந்தது. முதல் ஆண்டில் தரையோடு இலைக்கொத்து மட்டும் உருவாகும். இரண்டாம் ஆண்டு கோடையின் தொடக்கத்தில் 60 முதல் 90 சென்டிமீட்டர் உயரமான தண்டில் பெரிய மணிகள் பூக்கும். விதை தந்தபின் செடி மடியும். இதன் ஒரு வகையில் புல்லி வட்டமும் இதழ் போல் நிறம் பெற்று, தட்டின் மேல் வைத்த கோப்பை போலத் தோன்றும்.

இடமும் மண்ணும்

புல்வெளி இனங்களுக்கும் பாறை இனங்களுக்கும் நாள்தோறும் ஆறு மணிநேர வெயிலாவது தேவை. காட்டோர இனங்களுக்கு அரை நிழல் போதும். கோடை வெப்பம் மிகுந்த ஊர்களில் எல்லா இனங்களுக்கும் பிற்பகல் நிழல் நன்மை தரும். நீலப் பூக்கள் கடும் வெயிலில் விரைவில் வெளிறிவிடும்.

மண் நடுநிலையாகவோ சற்றுக் காரத்தன்மையுடனோ இருப்பது பெரும்பாலான இனங்களுக்கு ஏற்றது. ஆயினும் மண்ணின் வேதியியலைவிட அதன் வடிகாலே முதன்மையானது. குளிர்காலத்தில் மணிப்பூச் செடிகள் பட்டுப்போவதற்குக் கடுங்குளிரே காரணம் எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் பெரும்பாலும் காரணமாக அமைவது, குளிர்காலத்தில் வேர்க்கழுத்தைச் சுற்றித் தேங்கும் நீராகும். மலைகளில் இச்செடிகள் பனிப்போர்வையின் கீழ் உறங்குகின்றன. அங்கு வெப்பநிலை குறைவாக இருந்தாலும் வேரைச் சுற்றி நீர் தேங்குவதில்லை. சமவெளித் தோட்டத்தின் களிமண்ணிலோ மாதக்கணக்கில் ஈரம் நிற்கிறது, வேர்க்கழுத்து அழுகிவிடுகிறது.

வடிகாலைச் சோதிக்க எளிய முறை உண்டு. 30 சென்டிமீட்டர் ஆழத்திற்குக் குழி தோண்டி நீரால் நிரப்ப வேண்டும். முதல் நீர் வடிந்தபின் மறுபடியும் நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை ஊற்றிய நீர் சில மணிநேரத்தில் வடிந்தால் மண் ஏற்றது. மறுநாளும் நீர் நின்றால், அவ்விடத்தில் மேட்டுப்பாத்தி அமைத்து, மட்கு உரமும் பருமணலும் கலந்து நட வேண்டும். பாறை இனங்களின் வேர்க்கழுத்தைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் கனத்திற்குச் சிறு கூழாங்கற்களைப் பரப்புவது அப்பகுதியை உலர்வாக வைத்திருக்கும்.

விதைத்தல்

மணிப்பூ விதைகள் தூசு போன்று நுண்ணியவை. பல இனங்களின் விதைகள் முளைக்க ஒளி உதவுகிறது. எனவே விதையை மண்ணால் மூடுதல் கூடாது. நுண்ணிய விதைப்புக் கலவையைத் தட்டில் நிரப்பி, முன்கூட்டியே நனைத்து, விதையை உலர்ந்த மெல்லிய மணலுடன் கலந்து மேலே தூவ வேண்டும். மேலிருந்து நீர் ஊற்றினால் விதைகள் ஒரு பக்கமாக அடித்துச் செல்லப்படும். ஆகவே தட்டை நீரில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறச் செய்வர். 15 முதல் 20 பாகை செல்சியசு வெப்பநிலையில் இரண்டு முதல் நான்கு வாரங்களில் முளைக்கும். உயர்மலை இனங்கள் சிலவற்றின் விதைகள், சில வாரங்கள் ஈரக்குளிரில் இருந்த பின்னரே நன்றாக முளைக்கும்.

நாற்றுகள் மெதுவாக வளரும். கையாளத்தக்க அளவு வந்ததும் சிறு தொட்டிகளுக்கு மாற்றி, வேர் தொட்டியை நிரப்பிய பின் தோட்டத்தில் நடலாம். இடைவெளி இனத்திற்கேற்ப மாறும். கார்ப்பாத்திய மணிப்பூவிற்கு 25 முதல் 30 சென்டிமீட்டர், பீச்சிலை மணிப்பூவிற்கு 40 முதல் 45 சென்டிமீட்டர், பால்நிற மணிப்பூவிற்கு 60 சென்டிமீட்டர் இடைவெளி தேவை. பால்நிற மணிப்பூவின் வேர்கள் தடித்து ஆழமாகச் செல்வதால், நட்ட இடத்திலிருந்து அதனைப் பெயர்த்து மாற்றுவது கடினம்.

பூத்தலும் குளிரும் பகலின் நீளமும்

நன்கு செழித்த செடி பூக்கவில்லை என்றால், அதற்கு உரக்குறைவு காரணமாக இருப்பது அரிது. பொதுவாக இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது குளிர். காண்டர்பரி மணி போன்ற இனங்கள், போதிய அளவு வளர்ந்த நிலையில் பல வாரக் குளிரைக் கடந்த பின்னரே பூக்கும். இது தட்பப்பதனம் எனப்படும். மிகச் சிறிய நாற்றுகள் குளிரை உணர்ந்து பூக்கும் நிலையை அடைவதில்லை. இதனால்தான் இவ்வினத்தைக் கோடையின் தொடக்கத்திலேயே விதைக்கின்றனர். இலையுதிர் காலத்தில் தாமதமாக விதைத்த செடி அடுத்த கோடையில் பூக்காமல், மேலும் ஓராண்டு இலைக்கொத்தாகவே நிற்கக்கூடும். அதனைப் பயனற்றது எனக் கருதிப் பிடுங்கிவிடுதல் கூடாது.

இரண்டாவது பகலின் நீளம். கார்ப்பாத்திய மணிப்பூ, தொங்கு மணிப்பூ முதலியன நீள் பகல் தாவரங்கள். பகல் ஏறத்தாழ 14 மணிநேரத்திற்கு மேல் நீளும்போதே இவற்றில் மொட்டுகள் தோன்றும். வட ஐரோப்பாவின் கோடையில் இது இயல்பாகக் கிடைக்கிறது. பசுமைக்குடில்களில் மின்விளக்கால் பகலை நீட்டித்து, வேறு பருவங்களிலும் பூக்கச் செய்கின்றனர். குளிர் தேவைப்படாமல், நீண்ட பகலில் ஒரே ஆண்டில் பூக்கும் காண்டர்பரி மணி வகைகளும் கொய்மலர்த் தொழிலுக்காக உருவாக்கப்பட்டுள்ளன.

பராமரிப்பு

* நீர்: நட்ட முதல் ஆண்டில் மேல்மண் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்திற்கு உலர்ந்ததும் நீர் ஊற்ற வேண்டும். வேரூன்றிய பின் வறட்சியின்போது மட்டும் போதும். இலைமேல் ஊற்றாமல் செடியின் அடியில் ஊற்றுவது நோய்களைக் குறைக்கும்.
* உரம்: வசந்த காலத்தில் ஒருமுறை மட்கிய தொழு உரம் இடுவது போதுமானது. தழைச்சத்து மிகுந்தால் இலைகள் பெருகித் தண்டு சாயும். வட்ட இலை மணிப்பூவிற்கு உரமே வேண்டியதில்லை. வளமான மண்ணில் அது அயற்செடிகளால் மூடப்பட்டு மறைந்துவிடும்.
* தாங்குகோல்: உயரமான இனங்களுக்கு, தண்டு நீள்வதற்கு முன்பே குச்சிகளை ஊன்ற வேண்டும். சாய்ந்த தண்டை நிமிர்த்திக் கட்டினால் அது ஒடிந்துவிடும்.
* வாடிய பூக்களை நீக்குதல்: பீச்சிலை மணிப்பூவிலும் காண்டர்பரி மணியிலும் வாடிய பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தால் அதே தண்டில் புதிய மொட்டுகள் தோன்றும். முழுத் தண்டையும் முன்னதாகவே வெட்டுவது இம்மொட்டுகளை இழப்பதாகும். விதை வேண்டுமெனில் சில பூக்களை விட்டுவைக்கலாம்.
* கத்தரித்தல்: படரும் பாறை இனங்களை முதற்பூப்பு முடிந்ததும் கத்தரித்தால் மறுபடியும் தளிர்த்துச் சிறிதளவு பூக்கும். பால்நிற மணிப்பூவின் தண்டுகளை மே மாத இறுதியில் மூன்றில் ஒரு பங்கு வெட்டினால், செடி குட்டையாகி, சற்றுத் தாமதமாகப் பூக்கும்; சாய்வதும் குறையும்.
* தொட்டிச் செடிகள்: பூத்த நிலையில் கடைகளில் விற்கப்படும் சிறு மணிப்பூச் செடிகள், பூ முடிந்ததும் பெரும்பாலும் எறியப்படுகின்றன. இவற்றுள் பல தல்மேசிய, கார்ப்பாத்திய இனங்களாகும். வாடிய தண்டுகளை வெட்டித் தோட்டத்தில் நட்டால், ஏற்ற தட்பவெப்பத்தில் இவை பல ஆண்டுகள் வாழும்.

இனப்பெருக்கம்

பல்லாண்டு இனங்களை மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தோண்டிப் பிரித்து நடலாம். வசந்த காலத் தொடக்கமும் பூப்பு முடிந்த இலையுதிர் காலமும் இதற்கு ஏற்றவை. தூரின் நடுப்பகுதி வயதாகிப் பூக்கும் திறன் குறைந்திருக்கும்; அதனை நீக்கி, வெளிப்பகுதியில் உள்ள இளந்தளிர்களை வேருடன் நட வேண்டும். வசந்த காலத்தில் அடியிலிருந்து எழும் இளந்தண்டுகளை வெட்டி மணற்கலவையில் நட்டும் வேர்விடச் செய்யலாம். இரட்டை அடுக்கு வகைகளும் பெயர்பெற்ற தோட்ட வகைகளும் விதையிலிருந்து அதே இயல்புடன் வருவதில்லை. ஆகவே அவற்றைப் பிரித்தல், தண்டு நடுதல் ஆகிய முறைகளாலேயே பெருக்க வேண்டும். ஈராண்டு இனத்திற்கு விதைப்பு ஒன்றே வழி. ஆண்டுதோறும் பூ வேண்டுவோர் ஆண்டுதோறும் சிறிது விதைக்க வேண்டும்.

பூச்சிகளும் நோய்களும்

மணிப்பூக்களின் முதற்பகை நத்தைகளும் ஓடற்ற நத்தைகளும் ஆகும். வசந்த காலத்தில் எழும் தளிர்களை ஒரே இரவில் தின்றுவிடும். மாலை வேளையில் விளக்குடன் சென்று பொறுக்கி அகற்றுவதும், செடியின் அடியில் பழுத்த இலைகளைச் சேரவிடாமல் இருப்பதும் பயன் தரும். வெப்பமான, வறண்ட இடங்களிலும் வீட்டிற்குள்ளும் வளர்க்கப்படும் செடிகளைச் சிலந்திப்பேன் தாக்கும். அசுவினிகள் இளந்தண்டுகளில் சாறு உறிஞ்சும். அவற்றை நீர்பீச்சிக் கழுவலாம்.

நோய்களில் துரு நோய் குறிப்பிடத்தக்கது. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறக் கொப்புளங்கள் தோன்றும். இதனை உண்டாக்கும் பூஞ்சையின் வாழ்க்கைச் சுழற்சியில் ஒரு பகுதி பைன் மரங்களில் நடைபெறுகிறது. தாக்கப்பட்ட இலைகளை அகற்றி அழிப்பதும், செடிகளுக்கு இடையே காற்றோட்டம் இருக்குமாறு நடுவதும் தடுப்பு முறைகள். சாம்பல் நோய், வேர்க்கழுத்து அழுகல் ஆகியனவும் ஏற்படலாம்.

களையாக மாறும் இனம்

மணிப்பூக்களில் தோட்டக்காரர் கட்டாயம் அடையாளம் காண வேண்டிய இனம் ஊர்மணிப்பூ (காம்பனுலா ரப்பங்குலாய்டசு) ஆகும். ஐரோப்பாவையும் மேற்காசியாவையும் சேர்ந்த இது, அழகுச் செடியாக வட அமெரிக்காவிற்குக் கொண்டு செல்லப்பட்டது. இப்போது கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் தோட்டங்களிலும் புல்தரைகளிலும் நீக்கக் கடினமான களையாக உள்ளது. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் சட்டப்படி தீங்குக்களையாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

இதன் ஆற்றல் நிலத்தடியில் உள்ளது. மேல்மண்ணில் நூல் போன்ற நிலத்தடித் தண்டுகள் எல்லாத் திசையிலும் செல்கின்றன. அவற்றிற்குக் கீழே, முள்ளங்கி போன்ற வெண்ணிறத் தடித்த வேர்கள் ஆழத்தில் உள்ளன. மேலே தெரியும் செடியைப் பிடுங்கினால் நூல் போன்ற பகுதி அறுந்துவரும். பிடுங்கியவர் வேலை முடிந்தது என எண்ணுவார். ஆனால் ஆழத்தில் உள்ள வேரிலிருந்து செடி மீண்டும் தளிர்க்கும். வேரின் சிறு துண்டும் புதிய செடியாகும். இதற்கு மேல், ஒரு செடியே ஓராண்டில் ஆயிரக்கணக்கான விதைகளைத் தருகிறது.

அடையாளங்கள் பின்வருமாறு:

* தண்டு பெரும்பாலும் கிளைக்காமல் நேராக எழும்.
* ஊதா நிறப் பூக்கள் தண்டின் ஒரே பக்கமாகச் சாய்ந்து தொங்கும்.
* அடியிலைகள் இதய வடிவில், பற்கள் போன்ற விளிம்புடன் இருக்கும்.
* தோண்டிப் பார்த்தால் வெண்ணிறத் தடித்த வேர் தெரியும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த அடினோஃபோரா என்னும் நல்ல தோட்டச் செடி பார்வைக்கு இதைப் போன்றே இருக்கும். அடினோஃபோராவின் பூவைப் பிரித்தால் சூல்தண்டின் அடியைச் சூழ்ந்து குழல் அல்லது வளையம் போன்ற தேன்சுரப்பி காணப்படும்; காம்பனுலாவில் அது இல்லை. இவ்வேறுபாட்டை அறியாமல், அடினோஃபோரா என்ற பெயரிலேயே ஊர்மணிப்பூ கைமாறுவது உண்டு. அண்டை வீட்டார் அன்புடன் தரும் வேர்த்துண்டு, தோட்டத்தையே இழக்கச் செய்யக்கூடும். பெயர் தெரியாத மணிப்பூவைத் தரையில் நடாமல், ஓராண்டு தொட்டியில் வளர்த்துப் பூவையும் வேரையும் கண்டபின் முடிவு செய்வதே பாதுகாப்பு.

பரவிவிட்ட ஊர்மணிப்பூவை அகற்றப் பொறுமை தேவை. பூத்தண்டுகளை விதை முற்றுமுன் வெட்ட வேண்டும். மண்ணை ஆழமாகத் தோண்டிச் சலித்து வேர்களைப் பொறுக்க வேண்டும். மீண்டும் எழும் தளிர்களைத் தொடர்ந்து நீக்கினால் வேரின் சேமிப்பு சில ஆண்டுகளில் குறையும். அகற்றிய வேர்களை மட்கு உரக் குழியில் இடுதல் கூடாது. நல்ல செடிகளின் தூரில் இவ்வேர் பின்னியிருந்தால், அவற்றைத் தோண்டி எடுத்து, வேரைக் கழுவிப் பிரித்து மறுநடவு செய்ய வேண்டியிருக்கும்.

தென்னிந்தியாவில்

காம்பனுலா அல்ஃபோன்சியை என்னும் இனம் தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளில், பாறைகளை ஒட்டி இயற்கையாக வளர்கிறது. இதன் விளக்கம் டி கண்டோலின் 1830-ஆம் ஆண்டு நூலில் வெளியானது. இது காட்டுச் செடியாதலால் இயற்கையிடத்திலிருந்து பெயர்த்தெடுத்தல் தகாது.

ஐரோப்பியத் தோட்ட இனங்கள் தமிழ்நாட்டின் சமவெளியில் நிலைப்பதில்லை. கோடை வெப்பமும் மழைக்கால ஈரமும் ஒரு காரணம். பூக்காமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. நிலநடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால், தமிழ்நாட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலும் சுமார் 13 மணிநேரமே. நீள் பகல் இனங்களுக்குத் தேவையான 14 மணிநேரம் இங்கு இயற்கையில் ஒருநாளும் கிட்டுவதில்லை. உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற 2,000 மீட்டருக்கு மேற்பட்ட ஊர்களில் குளிர் ஓரளவு கிடைத்தாலும் பகலின் நீளம் மாறுவதில்லை. அத்தகைய ஊர்களில் முயல்வோர் குளிர் தேவைப்படாத காண்டர்பரி மணி வகைகளைத் தொட்டியில் வளர்த்து, மாலையில் சில மணிநேரம் மின்விளக்கு ஒளி தருவது, பசுமைக்குடில்களில் கையாளப்படும் அதே முறையாகும்.

பிற பயன்கள்

காம்பனுலா ரப்பங்குலசு என்னும் இனத்தின் வேரும் இளங்கீரையும் முற்காலத்தில் ஐரோப்பாவில் உணவாகப் பயன்பட்டன. இதற்காகவே தோட்டங்களில் பயிரிடப்பட்டது. கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில் உள்ள ரப்புன்செல் என்னும் பெண்ணின் பெயர், இக்கீரையையோ இதே பெயரால் வழங்கிய வேறொரு கீரையையோ குறிக்கும் என்பர். கூம்பு மணிப்பூ (காம்பனுலா பிரமிடாலிசு) கோடையில் பயன்படாத கணப்படுப்புகளின் முன் தொட்டியில் வைத்து அழகுபடுத்தப் பயன்பட்டது. உயரமான இனங்கள் கொய்மலர்களாகவும் விற்கப்படுகின்றன. பாதி மொட்டுகள் விரிந்த நிலையில் காலையில் வெட்டி நீரில் வைத்தால், எஞ்சிய மொட்டுகள் குவளையிலேயே மலரும்.